எடை மெஷினுக்குத் தெரியாத நோய்... வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் உண்ணுதல் கோளாறு!

‘சாப்பிட்டாச்சா?’

நம் ஊரில் வணக்கத்துக்குப் பதிலாகவே கேட்கப்படும் கேள்வி இது. அம்மா போனில் கேட்பார். பக்கத்து வீட்டு அக்கா மாடிப்படியில் கேட்பார். ஆபீஸில் அடுத்த சீட்டில் இருப்பவர் கேட்பார். பெரும்பாலானவர்களுக்கு ‘ஆச்சு’ என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். சிலருக்கோ, இந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே வயிற்றைப் பிசையும். சாப்பிடாமலேயே ‘ஆச்சு’ என்று சொல்ல வேண்டும். அல்லது யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டதை மறைக்க வேண்டும். இப்படி ஒரு நாளில் எத்தனை பொய்!

மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இவர்களைப் போன்றவர்கள் நம் தெருவிலும் இருக்கலாம்.

முதலாமவர் 38 வயதுப் பெண், வங்கி ஊழியர். காலையில் பிள்ளைகளுக்கு இட்லி, கணவருக்கு டிபன் பாக்ஸ் எல்லாம் தயார் செய்துவிட்டு, ஒரு டம்ளர் காபியோடு கிளம்புவார். மதியம் கேட்டால், ‘காலையிலயே ஹெவியா சாப்பிட்டுட்டேன்’. இரவு கேட்டால், ‘ஆபீஸ்ல ட்ரீட்’. பல வருடங்களாகவே அப்படித்தான்.

இரண்டாமவர் 45 வயது ஆசிரியை. பகல் முழுக்க டயட்டில் இருப்பார். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் நின்றபடியே சாப்பிடுவார். வயிறு வலித்தாலும் நிறுத்த முடியாது. மறுநாள் பிஸ்கட் கவர்களை பேப்பரில் சுற்றி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவார்.

மூன்றாமவர் 29 வயது ஐ.டி ஊழியர். நண்பர்களின் கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டு, பந்தி தொடங்குவதற்குள் கிளம்பிவிடுவார். போக முடியாமல் மாட்டிக்கொண்டு சாப்பிட்டுவிட்டால், அன்றிரவு இரண்டு மணி நேரம் டிரெட்மில்லில் ஓடினால்தான் தூக்கம் வரும்.

இவர்களில் ஒருவர் ஒல்லி. ஒருவர் பருமன். இன்னொருவர் பார்ப்பதற்கு ‘ஃபிட்’. ஆனால், மூவரையும் வாட்டுவது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நோய்கள். ‘ஈட்டிங் டிஸ்ஆர்டர்’ எனப்படும் உண்ணுதல் கோளாறுகள்.

திமிர் இல்லை, நோய்!

உண்ணுதல் கோளாறு என்றதுமே, எலும்பும் தோலுமாக இருக்கும் மாடலிங் பெண்தான் பலரின் நினைவுக்கு வருவார். அது இந்த நோயின் ஒரு முகம் மட்டுமே.

சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்துக்கொண்டே போவதும், உடல் மெலிந்த பிறகும் எடை கூடிவிடுமோ என்ற பயம் விலகாமல் இருப்பதும் ‘அனோரெக்ஸியா நெர்வோசா’. 1873-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்த பெயர் இது. கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிட்டுவிட்டு, அதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது, பட்டினி கிடப்பது, மிதமிஞ்சி உடற்பயிற்சி செய்வது என்று சுழல்வது ‘புலிமியா நெர்வோசா’. இதை 1979-ல் தனி நோயாக விவரித்தவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸல்.

மூன்றாவது, ‘பின்ஜ் ஈட்டிங் டிஸ்ஆர்டர்’. குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிச் சாப்பிடுவார்கள். நிறுத்த நினைத்தாலும் முடியாது. முடித்ததும் குற்ற உணர்வும் வெட்கமும் பிடுங்கித் தின்னும். வாந்தி போன்ற ஈடுகட்டும் பழக்கங்கள் இதில் இருக்காது. வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதங்களுக்கு இது தொடர்ந்தால் நோய் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 2013-ல்தான் இதற்குத் தனி இடம் கிடைத்தது. அதுவரை இவர்களுக்குக் கிடைத்த பெயர், ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’.

இவை தவிர, எடை பற்றிய கவலையே இல்லாமல், உணவின் மணம், வழுவழுப்பு, தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம் போன்ற காரணங்களால் விரல்விட்டு எண்ணக்கூடிய சில உணவுகளை மட்டுமே சாப்பிடும் ‘ஆர்ஃபிட்’ என்ற வகையும் உண்டு.

‘எல்லாம் வசதி வந்த கொழுப்பு’ என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். அனோரெக்ஸியா உள்ள சுமார் 17 ஆயிரம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்த சர்வதேச ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. அந்த நோயோடு தொடர்புள்ள எட்டு மரபணுப் பகுதிகளை அது கண்டறிந்தது. அவற்றில் மனநலத்தோடு மட்டுமல்ல, உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் தொடர்பு தெரிந்தது. பிறவியிலேயே இருக்கும் ஒரு பலவீனம், மனஅழுத்தம், டயட், கேலி என ஏதோ ஒன்று பொறி வைத்ததும் பற்றிக்கொள்கிறது.

‘டீன் ஏஜ் பிரச்னைதானே?’

பெரும்பாலும் தொடங்குவது டீன் ஏஜிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான். ஆனால், தொடங்கிய வயதோடு முடிந்துவிடுவதில்லை. சிகிச்சை கிடைக்காமலேயே காலேஜ், வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று பலர் நோயையும் கூடவே சுமந்து போகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு, விவாகரத்துக்குப் பிறகு, நெருங்கியவரின் மரணத்துக்குப் பிறகு, மெனோபாஸ் சமயத்தில் முதன்முறையாகத் தொடங்குவதும் உண்டு. இளம் வயதில் வந்து அடங்கிய நோய் இதுபோன்ற சமயங்களில் திரும்பி வருவதும் உண்டு.

2007-ல் வெளியான அமெரிக்காவின் தேசிய அளவிலான ஆய்வு, 18 வயது தாண்டியவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பின்ஜ் ஈட்டிங் டிஸ்ஆர்டர் இருந்தவர்கள் பெண்களில் 3.5 சதவிகிதம், ஆண்களில் 2 சதவிகிதம். அனோரெக்ஸியா பெண்களில் 0.9 சதவிகிதம், ஆண்களில் 0.3 சதவிகிதம். ஆக, அதிகம் பேசப்படும் அனோரெக்ஸியாவைவிட, யாரும் பேசாத பின்ஜ் ஈட்டிங்தான் பல மடங்கு அதிகம். ஆண்களும் இதிலிருந்து தப்பவில்லை.

இந்தியாவில்? 1995-ல் டெல்லி மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். சாப்பிட மறுப்பது, தொடர் வாந்தி, எடைக்குறைவு, மாதவிடாய் நின்றுபோவது எல்லாம் இருந்தன. மேலை நாட்டு நோயாளிகளிடம் பார்த்த ‘நான் குண்டாக இருக்கிறேன்’ என்ற எண்ணம் மட்டும் இல்லை. ஹாங்காங்கிலும் இதே போன்ற நோயாளிகளை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். ‘வயிறு உப்புசமா இருக்கு’, ‘பசியே இல்லை’, ‘சாப்பிட்டா நெஞ்சை அடைக்குது’ என்று இவர்கள் சொல்லும் காரணங்கள் வேறு. அதே 1990-களில் சென்னையில் 210 மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வில், சுமார் 15 சதவிகிதத்தினரிடம் முழு நோயாக முற்றாத, ஆனால் சாப்பாடு பற்றிய மனஉளைச்சல் தெரிந்தது. இன்ஸ்டாகிராமும் ரீல்ஸும் வருவதற்கு முந்தைய காலம் அது!

நம் ஊரில் இந்த நோயாளிகள் முதலில் மனநல மருத்துவரிடம் போவதில்லை. அல்சர் என்று குடல் மருத்துவரிடம், பீரியட்ஸ் வரவில்லை என்று மகப்பேறு மருத்துவரிடம், முடி கொட்டுகிறது என்று தோல் மருத்துவரிடம், பல் கூச்சம் என்று பல் மருத்துவரிடம் போகிறார்கள். ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு மாத்திரை எழுதித் தருவார்கள். ‘எப்படிச் சாப்பிடுறீங்க?’ என்ற கேள்வியை யாராவது பொறுமையாகக் கேட்கும்வரை நோய் வெளியே வராது.

எதைத் தொலைக்கிறார்கள்?

இந்த நோயின் தீவிரத்தை எதை வைத்து அளப்பது? ‘எத்தனை கிலோ?’ என்பதுதான் வீட்டிலும் கிளினிக்கிலும் முதல் கேள்வி. ஆனால், ‘வாழ்க்கைத் தரம்’ என்ற இன்னோர் அளவுகோலும் இருக்கிறது. ஒருவர் தன் வாழ்க்கையை, தான் வாழும் சூழலிலும் தன் எதிர்பார்ப்புகளிலும் வைத்து எப்படி உணர்கிறார் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் இதற்குத் தரும் விளக்கம். உடல், மனம், உறவுகள், சூழல் என்று அதன் கேள்வித்தாள் நான்கு பகுதிகளாகக் கேட்கும். உண்ணுதல் கோளாறு உள்ளவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட கேள்வித்தாள் ஒன்றில் பணம், வேலை அல்லது படிப்பு ஆகியவையும் தனித்தனிப் பகுதிகள்.

உடல்: எந்நேரமும் குளிர், தலைசுற்றல், மலச்சிக்கல், தூக்கமின்மை. பட்டினி நீண்டால் எலும்புகள் பலமிழக்கும். முப்பது வயதில் லேசாக வழுக்கி விழுந்தாலே எலும்பு முறியலாம். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்குப் பல்லின் எனாமல் கரையும். கன்னத்தின் இருபுறமும் வீங்கும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தாறுமாறாகும். ‘கார்ப்பென்டர்ஸ்’ இசைக்குழுவின் பாடகி கேரன் கார்ப்பென்டர், 1983-ல் 32 வயதில் அனோரெக்ஸியா விளைவித்த இதயச் செயலிழப்பால் இறந்தபோதுதான் உலகம் இந்த நோயைத் திரும்பிப் பார்த்தது.

மனம்: இதைத்தான் நோயாளிகள் பெரிய இழப்பாகச் சொல்கிறார்கள். காலையில் கண் விழித்ததிலிருந்து என்ன சாப்பிட்டோம், என்ன சாப்பிடக் கூடாது, அதை எப்படிக் கரைப்பது என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளை வந்து ஸ்கூலில் நடந்ததைச் சொல்லும்போதும் மனதுக்குள் அந்தக் கணக்குதான். மனச்சோர்வும் பதற்றமும் கூடவே வரும். அனோரெக்ஸியாவில் நேரும் மரணங்களில் ஐந்தில் ஒன்று தற்கொலை என்கிறது 2011-ல் வெளியான தொகுப்பாய்வு.

உறவுகள்: நம் வீடுகளில் அன்பு, கோபம், சமாதானம் எல்லாமே சாப்பாட்டின் வழியாகத்தான். பொங்கல், ரம்ஜான் பிரியாணி, கிறிஸ்துமஸ் கேக், வளைகாப்பு, பெண் பார்க்கும் படலத்து பஜ்ஜி-சொஜ்ஜி என சாப்பாடு இல்லாத விசேஷம் ஏது? சாப்பாட்டைக் கண்டு பயப்படுபவர் மெள்ள மெள்ள மனிதர்களிடமிருந்தும் விலகிவிடுவார். ‘அவ யாரோடவும் சேரமாட்டா’, ‘அவருக்குத் தலைக்கனம்’ என்று ஊர் பேசும். தாம்பத்யத்தில் நாட்டம் குறையும். எதனால் என்று துணைக்கும் புரியாது.

வேலையும் பணமும்: கவனம் சிதறும். லீவு கூடும். வெளியூர் ட்ரெயினிங், டீம் லஞ்ச் என்று எதிலிருந்தும் நழுவுவதால் பதவி உயர்வும் நழுவும். பின்ஜ் ஈட்டிங் உள்ளவருக்கு ஆன்லைன் உணவு ஆர்டர்களிலேயே மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போகலாம். அதை வீட்டில் மறைப்பது இன்னொரு பாரம்.

வாழ்க்கைத் தரத்தை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். மிகவும் மெலிந்த அனோரெக்ஸியா நோயாளிகளில் பலர், ‘எனக்கொன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று பதில் எழுதுகிறார்கள். தன்னால் பசியை வெல்ல முடிகிறது என்பதே அவர்களுக்கு ஒரு சாதனையாகத் தெரிவதால், இழப்பு கண்ணில் படுவதில்லை. மறுபக்கம், எடை ‘நார்மல்’ என்று காட்டும் புலிமியா நோயாளியும் பின்ஜ் ஈட்டிங் உள்ளவரும் உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருக்கிறார்கள். அதனால்தான், எடை அல்லது நோயின் காலம் போன்ற ஏதாவது ஒன்றை மட்டும் வைத்து, சிகிச்சை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

பட்டினி கிடந்த 36 பேர்

‘நல்லா சாப்பிட்டா சரியாகிடப் போகுது’ என்பது எளிதான அறிவுரை. ஆனால், பட்டினி மூளையையே மாற்றிவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஓர் ஆய்வு நடத்தினார். உடலும் மனமும் ஆரோக்கியமான 36 ஆண்கள் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதங்களுக்கு அவர்களின் சாப்பாடு ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. எடையில் சுமார் கால்பங்கை இழந்தார்கள்.

அவர்களின் நடத்தை மாறியதுதான் ஆச்சர்யம். சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள். கொஞ்சம் சாப்பாட்டை மணிக்கணக்காக வைத்துச் சாப்பிட்டார்கள். தட்டை நக்கினார்கள். சிரிப்பு, நட்பு, காதல் எல்லாவற்றிலும் ஆர்வம் போனது. எரிச்சலும் சோர்வும் மிஞ்சின. சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது, சிலரால் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. இவர்களில் யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை இருக்கவில்லை. பட்டினியே அந்த மாற்றங்களைச் செய்தது.

பகலெல்லாம் கடும் டயட்டில் இருந்துவிட்டு இரவில் கட்டுப்பாட்டை இழக்கும் ஆசிரியையை இப்போது நினைத்துப் பாருங்கள். ‘இன்னும் கொஞ்சம் வாயைக் கட்டுங்க’ என்பது அவருக்குத் தரக்கூடிய மிக மோசமான ஆலோசனை. கட்ட கட்டத்தான் இரவில் அணை உடைகிறது.

நம் வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

பசிபிக் தீவு நாடான ஃபிஜியில் உருண்டு திரண்ட உடல்தான் அழகு, வசதியின் அடையாளம். அங்கே ஒரு பகுதிக்கு 1995-ல் தொலைக்காட்சி வந்தது. மூன்று வருடங்கள் கழித்து ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவிகளிடம் விசாரித்தபோது, எடையைக் கட்டுப்படுத்த வாந்தி எடுப்பவர்கள் பூஜ்யத்திலிருந்து 11 சதவிகிதமாகியிருந்தார்கள்.

நம் கையில் இருப்பதோ 24 மணி நேரமும் ஓடும் செல்போன் திரை. ‘30 நாளில் 10 கிலோ’, ‘கல்யாணப் பெண்ணுக்கான டயட்’ என்று அதில் வருபவை போதாதென்று, உறவினர்களின் வாய் வேறு. ‘என்னடி, பூசணிக்காய் மாதிரி ஆகிட்ட?’ என்று ஒரு விசேஷத்தில் கேட்பார்கள். அதே பெண் மெலிந்து வந்தால், ‘என்னாச்சு, ஏதாவது வியாதியா?’ என்பார்கள். மெலிந்ததற்காகப் பாராட்டும்போது, அவர் எப்படி மெலிந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சமிருப்பதைச் சாப்பிடும் அம்மாக்களின் பழக்கத்துக்குள் இந்த நோய் எளிதாக ஒளிந்துகொள்ளும். விரதமும் அப்படியே. விரதம் இருக்கும் எல்லோருக்கும் நோய் என்று அர்த்தமில்லை. கோயிலுக்காக இருக்கும் விரதம், பாரணையோடு நிம்மதியாக முடியும். நோய்க்குத் திரையாக இருக்கும் விரதமோ, வாரத்தில் ஒரு நாள் என்பது இரண்டாகி, மூன்றாகி நீண்டுகொண்டே போகும். முடிக்க வேண்டிய நேரம் வரும்போது பயம்தான் வரும்.

பி.சி.ஓ.டி உள்ள பெண்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோரிடம் ‘எடையைக் குறைங்க’ என்று சொல்வது வழக்கம். இவர்களுக்கு உண்ணுதல் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், அந்த அறிவுரையை இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டும். டைப் 1 சர்க்கரை நோயாளிகளில் சிலர், எடை குறைவதற்காக இன்சுலினையே தவிர்ப்பதும் நடக்கிறது. இது உயிருக்கே ஆபத்து.

உங்களுக்கு இருக்குமோ? ஐந்து கேள்விகள்

1999-ல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் உருவாக்கி, இன்றும் பயன்பாட்டில் இருக்கும் பரிசோதனையின் சாரம் இது.

1. வயிறு அசௌகர்யமாக நிறைந்துவிட்டதென்று நீங்களாகவே வாந்தி எடுப்பதுண்டா?

2. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கட்டுப்பாட்டை இழந்துவிட்டதாகக் கவலைப்படுகிறீர்களா?

3. சமீபத்திய மூன்று மாதங்களில் 6 கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறீர்களா?

4. மற்றவர்கள் ஒல்லி என்று சொன்னாலும் நீங்கள் குண்டு என்றே நம்புகிறீர்களா?

5. சாப்பாடுதான் உங்கள் வாழ்க்கையை ஆள்கிறது என்று சொல்வீர்களா?

இரண்டு அல்லது அதற்கு மேல் ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பாருங்கள். இது நோய் உறுதியாகிவிட்டது என்ற சான்றிதழ் இல்லை. பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

யாரிடம் போவது?

மனநல மருத்துவர், பொது மருத்துவர், உளவியல் ஆலோசகர், டயட்டீஷியன் நால்வரும் சேர்ந்து பார்ப்பதுதான் நல்ல சிகிச்சை. உண்ணுதல் கோளாறுக்கென்று தனிப் பிரிவுகள் நம் நாட்டில் மிகக் குறைவு. அதனால் மனநல மருத்துவரிடமிருந்து தொடங்கலாம். தமிழகத்தில் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. வேலூர் சி.எம்.சி, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களிலும் மனநல சிகிச்சை கிடைக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால், ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணம் வந்தால் தாமதிக்காமல் அழையுங்கள்.

பெரியவர்களுக்கான சிகிச்சைகளில் நல்ல ஆதாரம் உள்ளது, ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய, ‘சி.பி.டி-ஈ’ எனப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சை. வழக்கமாக 20 அமர்வுகள். எடை மிகவும் குறைந்தவர்களுக்கு 40 வரை போகும். ஆச்சர்யமாக இருக்கும், இதில் முதல் வேலை டயட் சார்ட் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுண்டி என்று நேரத்துக்குச் சாப்பிடுவது. வயிறு காயாமல் இருந்தாலே, கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் வேகம் பலருக்குத் தணியத் தொடங்கும். அதன் பிறகுதான் உடல் பற்றிய எண்ணங்களும், ஒளிந்திருக்கும் பயங்களும் பேசப்படும். புலிமியா, பின்ஜ் ஈட்டிங் ஆகியவற்றில் மருந்துகளும் உதவலாம். அதை மருத்துவர் முடிவு செய்வார்.

செலவு? 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்களுக்கு இணையாக மனநோய்களுக்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. உங்கள் பாலிசியில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம்: மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு, ரத்த வாந்தி, எழுந்து நிற்க முடியாத பலவீனம், பல நாள்களாகச் சாப்பாடு இறங்காமல் இருப்பது. இன்னொரு எச்சரிக்கை. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று குறைந்து உயிருக்கு ஆபத்தாகலாம். மிகவும் மெலிந்தவருக்கு மருத்துவக் கண்காணிப்பில்தான் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு...

சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டாம். தட்டையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். மாலையில், தனியாக இருக்கும்போது, ‘கொஞ்ச நாளா நீ நீயாவே இல்லம்மா. எனக்குப் பயமா இருக்கு. என்னன்னு சொல்றியா?’ என்று தொடங்கலாம்.

‘ஊர்ல சோறில்லாம எத்தனை பேர் இருக்காங்க’, ‘உன்னாலதான் வீட்டுல நிம்மதியே போச்சு’ என்ற வார்த்தைகள், ஏற்கெனவே இருக்கும் குற்ற உணர்வில் எண்ணெய் ஊற்றும். ‘இப்போதான் முகத்துல களை வந்திருக்கு, கொஞ்சம் சதை போட்டிருக்கு’ என்று பாசமாகச் சொல்வதுகூட, குணமாகிவருபவரின் காதில் ‘குண்டாகிட்டே’ என்றே விழும். உடலைப் பற்றிய பேச்சை, நல்லதோ கெட்டதோ, மொத்தமாக விட்டுவிடுங்கள். ‘நேத்து ரொம்ப நாள் கழிச்சு வாய்விட்டுச் சிரிச்சீங்க’ என்று சொல்லிப் பாருங்கள்.

கணவரோ மனைவியோ என்றால், போலீஸாக மாற வேண்டாம். குப்பைத்தொட்டியைக் கிளறுவதும், பாத்ரூம் வாசலில் நிற்பதும் நோயை இன்னும் ஆழமாக ஒளியவைக்கும். முதல் முறை டாக்டரிடம் போகும்போது கூடப் போங்கள். அதுவே பெரிய உதவி.

‘இத்தனை வருஷம் ஆச்சே... இனிமேலா?’

இருபது வருடங்களாக நோயோடு வாழும் பெரியவர்கள் கேட்பது இதைத்தான். இதற்கு ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. அமெரிக்காவின் பாஸ்டனில், அனோரெக்ஸியா அல்லது புலிமியாவுக்கு சிகிச்சைக்கு வந்த 246 பெண்களை ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தார்கள். 2017-ல் வெளியான முடிவு இது: ஒன்பதாம் ஆண்டு வாக்கில் புலிமியா உள்ளவர்களில் சுமார் 68 சதவிகிதம் பேர் குணமாகியிருந்தார்கள். அனோரெக்ஸியா உள்ளவர்களிலோ சுமார் 31 சதவிகிதம்தான். அந்தப் புள்ளியில் ஆய்வை நிறுத்தியிருந்தால், மற்றவர்களுக்கு வழியே இல்லை என்று எழுதியிருப்பார்கள். ஆனால், 22-ம் ஆண்டில் கணக்கெடுத்தபோது, அனோரெக்ஸியாவிலும் சுமார் 63 சதவிகிதம் பேர் மீண்டிருந்தார்கள். பத்து வருடங்கள் கடந்த பிறகும் மனிதர்கள் குணமாகிறார்கள்.

எல்லோருக்கும் முழுக் குணம் ஒரே வேகத்தில் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. அறிகுறிகள் நின்ற பிறகும் வாழ்க்கைத் தரம் மெதுவாகத்தான் உயர்கிறது. எடை சரியாகிவிட்டது என்பதோடு சிகிச்சையை நிறுத்திவிட்டால், பாதி வழியில் இறங்கியதாகிவிடும். அதனால் முன்னேற்றத்தை வேறு விதமாக அளந்து பாருங்கள் என்கிறார்கள் இந்தத் துறையில் இருப்பவர்கள். இந்த வாரம் பிள்ளையின் பேச்சை முழுதாகக் கேட்க முடிந்ததா? தோழியோடு ஹோட்டலுக்குப் போய், மெனு கார்டை முன்கூட்டியே ஆராயாமல் ஆர்டர் செய்ய முடிந்ததா? ஆபீஸில் யாரோ ஒருவரின் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, அதையே நினைத்துக்கொண்டிருக்காமல் வேலையைப் பார்க்க முடிந்ததா? இவற்றில் ஒன்று முடிந்திருந்தாலும், அது எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய முன்னேற்றம்தான்.

வருடக்கணக்காக இதை ரகசியமாகச் சுமப்பவர் நீங்கள் என்றால், இன்று நம்பிக்கையான ஒருவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: ‘சாப்பாட்டு விஷயத்துல எனக்கு ஒரு பிரச்னை இருக்கு. டாக்டர்கிட்ட போக என்கூட வர்றீங்களா?’